ரசத்தைப் பற்றிய பதிவு

'வாழையிலைக் கூட்டம்' என்பது எங்கள் முகநூல் குழு. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் கடையில் இலைச் சாப்பாடு நன்றாக இருக்கிறது, எங்கே பணத்தைத் தண்டமாக அழுதோம் என்று பேசும் இடம். அதை ஆரம்பித்தவள் நான். யார் எது எழுதினாலும் நான் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியே வரும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் விதி என்றால் விதி. சாப்பிட்டவர் சாப்பாட்டைப் பற்றி எதையும் சொல்லலாம், ஆளைத் திட்டக்கூடாது. கடைக்காரரும் அவர் வீட்டாரும் சொந்தக் கடையைப் புகழக்கூடாது. அவ்வளவுதான்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹைதர் அண்ணனின் ஆட்டுக்கறியை ஒருவர் செருப்புத் தோல் என்று எழுதிவிட்டார். அதை நீக்கச் சொல்லி அண்ணன் போனில் கெஞ்சினார். சாப்பிட்டவர் வாய்க்குப் பூட்டுப் போட என்னால் முடியாது, நீங்களும் பதில் எழுதுங்கள் என்றேன். மனிதர் பல நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு நானே வேலையை விட்டுவிட்டு, கிள்ளானில் ஓர் இலைச் சாப்பாட்டுக் கடை திறந்தேன். கூட்டம் வந்தால் கடை நிற்கும், வராவிட்டால் பழையபடி யாரிடமாவது வேலை கேட்டுப் போக வேண்டும். பயத்தில் எனக்குச் சரியாகத் தூக்கம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து வந்தது, என் கடையைப் பற்றிப் பெயர் மறைத்த ஒரு பதிவு.

"வாணி கடையில கறி எல்லாம் ஓகே. ரசம்தான் மோசம். புளி கரைச்ச சுடுதண்ணி. டம்ளர் டம்ளரா அப்படியே திரும்பிப் போகுது. யாராச்சும் அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீக்கினால் ஒரு குருவிக்கும் தெரியாது. விரல் அந்தப் பட்டன் வரை போய்விட்டது. பெயரை மறைத்து எழுதினாலும் குழுவை நடத்துபவருக்குப் பெயர் தெரியும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. பார்த்தேன்.

லோகன். என் கணவர். துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையில் மேசை துடைத்து டம்ளர் எடுப்பவர். பண்டமாரானில் எங்கள் வீட்டில் தினமும் அதே ரசத்தைக் குடித்துவிட்டு "சூப்பர் லா" என்று சொல்பவர்.

வீட்டார் புகழக்கூடாது என்றுதான் விதி. குறை சொல்லக்கூடாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதித்தேன்.

முதல் ஆளாக ஹைதர் அண்ணன் வந்தார். "சாப்பிட்டவங்க வாய்க்குப் பூட்டுப் போட முடியாது லா, தங்கச்சி" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக வைத்தார். அவரைத் தொடர்ந்து பலர் ஆமாம் போட்டார்கள். இவளுக்கெல்லாம் எதற்குக் கடை என்று ஒருவன் எழுதினான். அது ஆளைத் திட்டுவது, அதை மட்டும் தூக்கினேன். மற்றதையெல்லாம் வாசித்து அழுதேன்.

லோகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரோ பொறாமை பிடித்தவன், கண்டுகொள்ளாதே என்று ஆறுதல் சொன்னார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. ரோஷத்தில் நானும் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் பாக்கெட் ரசப்பொடியைத் தூக்கிப் போட்டேன். மிளகும் சீரகமும் இடித்து, புளியைக் குறைத்து, தக்காளியைக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும் இடத்திலேயே நின்று பார்த்தேன். டம்ளர்கள் காலியாக வந்தன. ஹைதர் அண்ணனும் கொமுட்டர் ரயில் பிடித்து வந்து, இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்று மாலை இன்னொரு பதிவு, மறுபடியும் பெயர் மறைத்து. "வாணி கடை ரசம் இப்ப வேற லெவல். எல்லாரும் கட்டாயம் போய்க் குடிங்க லா."

சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் நிராகரித்தேன். காரணம் கேட்கும் இடத்தில், 'கடைக்காரரின் வீட்டார் புகழக்கூடாது' என்று எழுதினேன்.

கூடத்தில் அவர் போன் சிணுங்கியது. பிறகு போனும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மொத போஸ்ட்டும் நான்தான்னு தெரியுமா?"

"அப்பவே தெரியும். என் முகத்தைப் பார்த்துச் சொன்னா என்னவாம்?"

அவர் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "குழுவுல பேரை மறைக்க பட்டன் இருக்கு. நம்ம வீட்டுல இல்லையே, வாணி."

சுருக்கென்றது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது. அதே கரண்டியால் அடுப்பில் இருந்த மீன் குழம்பில் கொஞ்சம் எடுத்து அவர் உள்ளங்கையில் ஊற்றி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

நக்கிப் பார்த்தார். "சூப்பர்" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"உப்பு கம்மி."

அதையும் அனுமதித்தேன்.