மல்லிகைக்கு அடியில்

மல்லிகைக்கு அடியில் வேறொரு வாடை, என்னைப் பெற்ற அம்மையின் மார்புப் புண்மேல் குவித்த பூவை அள்ளி அள்ளி மாற்றியும் போகாத வாடை, காமாலை என்று ஊருக்குச் சொல்லிக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம், கதவைத் திறந்தால் இந்த ஆஸ்பத்திரி அறை, மேசையில் கிடப்பது அம்மை இல்லை, செண்பகம், என் தம்பி மகள், என் மகனுக்குக் கட்டி வந்தவள், கைப்பிள்ளைக்காரி, இடது மார்பில் எலுமிச்சையளவு கட்டி, தொட்டால் துடிக்கிறாள், பால் கட்டிக்கொண்டது, வற்றினால் சரியாகும் என்று நான்தான் மல்லிகையை வைத்துக் கட்டினேன், நான் தொடுத்த சரத்தை டாக்டர் பெண் இரண்டு விரலால் உரித்துத் தட்டில் போடுகிறாள்.

யாரு பாட்டி இதக் கட்டுனது, என்றாள், பாட்டியாம், நான்தான் கட்டுனேன், ஒங்க ஆச்சியும் கட்டியிருப்பா, போய்க் கேளு, என்றேன். பால நிறுத்தக் கூடாதும்மா, அந்தப் பக்கமும் குடுக்கணும், என்று செண்பகத்திடம்தான் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை, முன்ன குடுத்த மாத்திரை தின்னும் கட்டி கரையலயே, ஸ்கேன் எப்படியும் எடுக்கணும், ரத்த சொந்தத்துல யாருக்காச்சும் மார்புல கட்டி வந்திருக்கா, வந்திருந்தா இன்னைக்கே ஊசியில சதையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிரலாம், இல்லன்னா கொஞ்சநாள் பொறுத்துப் பாக்கலாம்.

அப்படி யாரும் கிடையாது, எங்க குடும்பம் என்ன குடும்பம்னு தெரியுமா ஒனக்கு, என்கிறேன், குரல் என்னுடையதா அப்பாவுடையதா, அப்பா வாசலில் நின்று காமாலை காமாலை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார், வெளிய தெரிஞ்சா ஒன்ன எவன் கட்டுவான் என்று என் பக்கம் திரும்புகிறார், இப்போது செண்பகத்தின் தங்கைக்கு நிச்சயதார்த்தம் வருகிறது, அதே வாசல், அதே வார்த்தை. அத்தை, என்கிறாள் செண்பகம், எங்க ஆச்சி காமாலையிலதான போனா, பெறவு எதுக்கு அவளுக்கும் மார்புல பூ வச்சியளாம், எங்கப்பா சொன்னாவ. தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

வெளியே பிள்ளை பசியில் கத்துகிறது, செண்பகத்தின் மார்பிலிருந்து பால் தானாகக் கசிகிறது, அம்மையின் சேலையில் கசிந்தது பால் இல்லை.

ஊசிய எடு, என்றேன் டாக்டரிடம், சதையும் எடு, எங்க அம்மைக்கு வந்தது காமாலை இல்ல, இதேதான், இதே எடத்துல, இந்தப் பேச்சு இந்த அறைய விட்டு வெளிய போச்சுன்னா ஒன்னச் சும்மா விடமாட்டேன். போகாதுங்கம்மா, என்றாள், இந்த முறை பாட்டி என்று சொல்லவில்லை. இத்தன வருசமாவா அத்தை, என்று செண்பகம் முறைத்தாள். வாய மூடுட்டி, அசையாமப் படு, என்றேன்.

தட்டில் வதங்கிய மல்லிகை, ஸ்பிரிட் நெடி, பூ மூடாத மார்பு, அம்மையுடையதா செண்பகத்துடையதா, சிவந்து, வீங்கி, பால் சொட்ட, நான் கண்ணைத் திருப்பவில்லை.