கல்பவளத்துக்கு ஷாஷூ

என் நாத்தனார் குலாஷ் அண்ணி எதற்கு வேண்டுமானாலும் ஷாஷூ வீசுவார். கல்யாணப் பெண் வாசலில் கால் வைக்கும்போது மிட்டாயும் சில்லறையும் கலந்து தலைக்கு மேலே வாரி இறைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இவர் புது ஃப்ரிட்ஜுக்கும் வீசுவார். தம்பி பழைய காருக்கு டயர் மாற்றினால் அதற்கும் வீசுவார். பத்தொன்பது வருஷமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் போன மிட்டாயைப் பெருக்கி எடுத்துக்கொண்டிருந்தேன்.

கடலே இல்லாத அல்மாட்டியில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவளைக் கிறுக்கி என்று சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். என் தொட்டி முந்நூறு லிட்டர். அதை வைக்க எங்கள் இரண்டு அறை வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது: தோர். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரோரம், வருகிறவர்களில் மூத்தவர் உட்காரும் இடம். அதாவது, அண்ணி உட்காரும் இடம். அங்கே மீனைக் குடிவைத்துவிட்டேன் என்று அவர் சொல்லாத வீடு இந்த ஊரில் இல்லை. என் கணவர் மேய்ராம் இரண்டு பக்கமும் இடி வாங்கி, கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"இத பாரு ரைகான். பதினோரு மாசமா உப்புத் தண்ணி கலக்குற. கேட்டா, கல்பவளம் வைக்கத் தயார் பண்றேங்கிற. சரி, வை. மார்ச்சுல வர்ற நௌரீஸ் வரைக்கும் ஒண்ணுகூடச் சாகலைன்னா தொட்டி இங்கயே இருக்கட்டும். ஒண்ணு செத்தாலும் தூக்கி அந்தப் பவளம் விக்கிற தாமிர்கிட்டக் குடுத்துடுவோம். பண்டிகைக்கு அக்கா அவங்க இடத்துல உக்காரணும்."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி? பகலெல்லாம் மருத்துவமனை ஆய்வகத்தில் அடுத்தவர் ரத்தத்தைச் சோதிக்கிறேன். வீட்டுக்கு வந்து என் தண்ணீரைச் சோதிப்பேன். உப்பும் கால்சியமும் காரத்தன்மையும் வாரக்கணக்கில் அசையாமல் நின்றால்தான் கல்பவளம் தனக்கு எலும்பு கட்டிக்கொள்ளும். மாமியார் கொடுத்த தட்டு, நாத்தனார் வாங்கிய கம்பளம், கணவர் தேர்ந்தெடுத்த திரைச்சீலை என்று நிறைந்த அந்த வீட்டில் நானே உண்டாக்கியது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை தாமிர் வீட்டுக்குப் போனேன். பால்கனியை அடைத்துப் பவளம் வளர்த்து விற்கிற மனுஷர் அவர். நான் கிளைகிளையாக இருந்த ஊதா நிறப் பவளத்தைப் பார்ப்பதைக் கண்டதும் துணியை இழுத்து அதை மூடிவிட்டார்.

"அது மகாராணிங்க. தண்ணி கொஞ்சம் மாறினாலே உசிர விட்டுடும். கத்துக்குட்டிக்கு இந்த ரெண்டும் போதும். ஒண்ணு டங்கன், இன்னொண்ணு எக்காளம். மணல் பக்கத்துல வைங்க, வெளிச்சம் கம்மியா, நீரோட்டம் கம்மியா. வச்சப்புறம் கைய மட்டும் வைக்காதீங்க. தினம் ஒரு இடத்துக்கு மாத்தி மாத்தியே கொன்னுடுறாங்க எல்லாரும்."

வெளியே மைனஸ் பதினைந்து. இரண்டு பைகளையும் கோட்டுக்குள், மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டுச் சூடு சமமாகக் காத்திருந்தேன். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டேன். ஒட்டியிருக்கும் பூச்சி போக மருந்துத் தண்ணீரில் முக்கி அலசினேன். பிறகு பசை வைத்து, அடியிலிருந்த பாறையில் இரண்டையும் ஒட்டினேன். எக்காளத்துக்கு ஐந்து வாய், உள்ளே பச்சை. அரை மணி நேரத்தில் ஒரு வாய் மெல்ல உப்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் வாசல்மணி அடித்தது.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன், அவ்ளோதான்" என்றார் மேய்ராம், என் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணி பூட்ஸைக் கழற்றும்போதே கைப்பையைத் திறந்துவிட்டார். ஒட்டுகிற வேலை நடந்ததால் தொட்டியின் மேல்மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். "அண்ணி, வேணாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "புதுசா வந்ததுங்க நல்லா இருக்கட்டும்! வீடு நிறையட்டும்!" என்று ஒரு கை நிறைய வீசினார். பாதி தரையில் சிதறியது. ஐம்பது வயது மேய்ராம் நாலு காலில் தவழ்ந்து மிட்டாய் பொறுக்கினார். மீதிப் பாதி தண்ணீரில் விழுந்தது.

எங்கள் சில்லறையில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கரைகிற செம்பு பவளத்துக்கு விஷம். இது எனக்குத் தெரியும், தாமிருக்குத் தெரியும். இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்குத் தெரியும்? தோள் வரை கையை விட்டேன். மிட்டாயை எடுத்தேன், காசை எடுத்தேன். பாறைக்குப் பின்னால் இரண்டு காசு பளபளத்தது, எனக்கு எட்டவில்லை.

"எத்தனை போட்டீங்க அண்ணி?"

"ஷாஷூவ எண்ணிப் போடுவாங்களாடி? விழுந்தத எடுக்காத, பரக்கத்து போயிடும், வீடு விளங்காது."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் கத்தினேன். "பரக்கத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்! உங்க கைதான் எட்டும். வளையலக் கழட்டிட்டு உள்ள விடுங்க!"

வீட்டுக்கு வந்த மருமகள் நாத்தனாரைப் பார்த்துக் கத்தக் கூடாது. மேய்ராம் வாயில் மிட்டாயோடு உறைந்து நின்றார். அண்ணியின் வெள்ளி வளையல் கல்யாணத்தன்று போட்டது, லேசில் வரவில்லை. சோப்புக் கேட்டார். சோப்பு தண்ணீரில் படக் கூடாது என்றேன். வெண்ணெய் கேட்டார். அதுவும் கூடாது என்றேன். "இந்த வீட்டுல என்னதான்டி கூடும்?" என்று கேட்டுக்கொண்டே இழுத்துக் கழற்றி, மணிக்கட்டு சிவக்கக் கையை உள்ளே விட்டார். ஒரு காசு வந்தது. இன்னொன்றும் வந்தது. வெளியே வரும்போது முழங்கை எக்காளத்தில் உரச, ஐந்து வாயும் ஒரே சமயத்தில் உள்ளே இழுத்துக்கொண்டன.

"ஐயோ! இது அசையுதுடா தம்பி!" அண்ணி கையை உதறினார். "உசிரா இது?"

"உசிருதான் அண்ணி. அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

அண்ணி ஈரச் சட்டைக்கை சொட்டச் சொட்டக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரையெல்லாம் ஊற்றித் தொட்டித் தண்ணீரை மாற்றினேன், செம்பை உறிஞ்ச ஒரு பை கரி போட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணியின் போன் வந்தது.

"வாய் திறந்துச்சா?"

"டங்கன் திறந்திருக்கு. எக்காளம் திறக்கல."

தினம் ஏழு மணிக்கு அதே கேள்வி. நலம் விசாரிப்பு கிடையாது, மன்னிப்பு கிடையாது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எட்டாம் நாள் எக்காளத்தின் சதை கிழிந்து மிதந்தது. ஐந்து வாயும் வெறும் வெள்ளை எலும்பாக நின்றன. அதன் பாறைக்கு அடியில், எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு காசு கிடந்தது. காசு கொன்றதா, முழங்கை கொன்றதா, யாருக்குத் தெரியும். போனில் சொன்னேன். அண்ணி உடனே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கதவைத் திறந்தால், கையில் மூடிய தட்டோடு நிற்கிறார். எண்ணெய் மணம். தட்டில் ஏழு ஷெல்பெக், சுடச்சுட. செத்தவர்களை நினைத்துச் சுடுகிற ரொட்டி.

"அண்ணி, அது பவளம்."

"உசிருதானே? என் கைபட்டுத்தானே சுருங்குச்சு? பேசாம தட்ட வாங்கு."

கதவோரம் தரையிலேயே உட்கார்ந்து, பிரார்த்தனை ஒன்றை முணுமுணுத்து, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். மேய்ராம் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

"பேசினது பேசினதுதான் ரைகான். தாமிருக்குச் சொல்லிடுறேன், நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

ஒப்புக்கொண்டவள் நான். எப்படி வாய் திறப்பேன்? அண்ணிதான் திறந்தார்.

"வைடா கீழ போன. சாவு விழுந்த வீட்டுல நாப்பது நாளைக்குள்ள சாமான நகத்துவாங்களா?"

"அக்கா, பவளத்துக்கா?"

"அப்பா போனப்ப நாற்காலியக்கூட நகத்தல. இது மட்டும் உசிரு இல்லையா?"

"நாப்பது நாள்னா நௌரீஸ் தாண்டிடுமே. நீங்க எங்க உக்காருவீங்க?"

"இங்கதான், கதவோரம். காத்து வருது, ஒரு மெத்தையப் போடச் சொல்லு."

மூத்த அக்கா சொன்ன பிறகு மேய்ராம் என்ன செய்வார்? போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான் தொட்டியைப் பார்த்தேன். டங்கனின் தண்டில், அரிசி அளவுக்கு ஒரு புதுத் தலை முளைத்திருந்தது. நாற்பது நாள் கிடைத்தால் அது ஊன்றிக்கொள்ளும். சாகும்வரை அண்ணிமேல் வைத்திருக்க என்று ஒரு கோபத்தைச் சேர்த்திருந்தேன். அதை வைக்க இடமில்லாமல் பண்ணிவிட்டார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கோட்டை மாட்டினார்.

"நாப்பதாம் நாள் சாப்பாட்டுக்கு நம்ம ஆளுங்க முப்பது பேர் வருவாங்க, சொல்லியாச்சு. கறி நான் கொண்டாரேன். மாவு நீ பிசஞ்சிடு."