பதினேழு பேருக்கு ஒரு தகப்பன்

திங்கட்கிழமை காலை ஸ்நேஹாவுக்கு அயர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையான மின்னஞ்சல். அவள் தன்னைப் பற்றி எழுதி அனுப்பிய கட்டுரை, கொச்சியிலிருந்து ஏற்கெனவே வந்த பதினாறு கட்டுரைகளோடு தொண்ணூற்று நான்கு சதவீதம் ஒத்துப்போவதாக வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள். பதினேழு பேரின் தகப்பன்மாரும் பதினோராவது மாடியிலிருந்து, ஒரு பயங்கரமான செவ்வாய்க்கிழமையில், சிறகிழந்த பறவையைப் போல விழுந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு கட்டுரை வராவிட்டால் சீட்டும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. உதவித்தொகை இல்லையென்றால் அயர்லாந்து வரைபடத்தோடு சரி.

இதில் கொடுமை என்னவென்றால், பதினேழு பேரில் உண்மையாகவே தகப்பன் விழுந்து செத்தது ஸ்நேஹாவுக்கு மட்டும்தான். அதுவும் மூன்றாவது மாடியிலிருந்து. தங்கதுரை கொத்தனார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சிக்குப் பிழைக்க வந்தவர். வைட்டிலாவில் ஒரு ஃபிளாட் வேலையில் சாரம் சரிந்தது. கட்டுரையில் அதற்கு மேலே எட்டு மாடிகளைக் கட்டிக்கொடுத்தவர் டுடோரியல் வெங்கிடேஸ்வரன் சார்.

சாரின் எலிசபெத்தன் இங்கிலீஷ் அகாடமி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகாய்க் கிடங்கின் மாடியில் இருந்தது. பேசிக் கிராமர், லிட்டரரி டெர்ம்ஸ், ரைட்டிங் ஸ்கில்ஸ், மூன்றும் தொண்ணூறே நாளில். கீழே மூட்டை பிரித்தால் மேலே வகுப்பு முழுதும் தும்மும். சார் மட்டும் தும்ம மாட்டார். கோட்டையும் கழற்ற மாட்டார். "லண்டன்ல சம்மர் இதைவிடக் கஷ்டம்" என்பார். அவர் போன அதிகபட்ச தூரம் கோயம்புத்தூர்.

போன வருடம் எழுத்துப் பயிற்சிக்காக ஸ்நேஹா தன் அப்பா இறந்த நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சார் அதை இரண்டு தடவை படித்தார். அவர் எதையும் இரண்டாம் தடவை படித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். மூன்றாவது மாடி பதினொன்றானது, வியாழக்கிழமை, ஆங்கிலத்தில் 'டெரிபிள்' என்பதோடு மோனை பொருந்தும் என்பதற்காகச் செவ்வாய் ஆனது, பறவை வந்தது. அதற்கு 'மாடல் நம்பர் நாலு' என்று பெயரிட்டு எல்லா பேட்சுக்கும் டிக்டேட் செய்தார்.

டுடோரியலில் சார் சொல்வதற்கு நோட்ஸ் என்று பெயர். நோட்ஸை எழுதிக்கொள்ள வேண்டும், மனப்பாடம் பண்ண வேண்டும், கேட்ட இடத்தில் கமா பிசகாமல் இறக்கிவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீட்டுப் பசு'வுக்குப் பழகியதைப் பிள்ளைகள் 'என் வாழ்க்கை'க்கும் செய்தார்கள். பசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அன்று பசுவைப் பற்றி எழுதி மார்க் வாங்கியவர்கள்தாமே.

"பேடிக்காதே குட்டி," என்றார் சார், மின்னஞ்சலைப் படித்துவிட்டு. "இதெல்லாம் சாதாரணமாக்கும். ஐடியா லோகத்துக்கே பொது."

"இது ஐடியா இல்ல சார். எங்க அப்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன். அப்பா ஒரு யுனிவர்சல் தீம். நான் என்ன பண்ணினேன்? 'மை டியர் டேஷ்'னு கோடு விட்டுத்தானே டிக்டேட் பண்ணினேன்? அத்தனை கழுதைகளும் டேஷ்ல ஃபாதர்னு நெரப்பினா நானா பொறுப்பு?"

ஸ்நேஹா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "மரணச் சான்றிதழும் போலீஸ் பேப்பரும் இருக்கு சார். இது என் அப்பாதான்னு எழுதி இதையும் சேர்த்து அனுப்பிடறேன்."

சார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போலீஸ் பேப்பரைப் பார்த்தார். "இதுல என்ன போட்டிருக்கான்? மூணாவது நெலை. வியாழாழ்ச்ச. நீ அனுப்பினதுல? பதினொண்ணு, செவ்வாய். மத்தவா பொய் சொன்னான்னு காட்ட ஒரு பேப்பரும் இல்லை. நீ சொன்னது பொய்னு காட்ட சர்க்கார் முத்திரையோட பேப்பர் இருக்கு. தாராளமா அனுப்பு."

"மாடியைக் கூட்டினது நீங்கதானே சார்!"

"மூணாவது மாடியில கிளைமாக்ஸ் வராது குட்டி. நான் என்ன பண்றது, இலக்கணம் அப்படி."

கீழே மூட்டை பிரித்தார்கள் போலிருக்கிறது. ஸ்நேஹா தும்மினாள், கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

செவ்வாய் முழுக்க அவள் வேறு ஏதாவது எழுதப் பார்த்தாள். 'என் பொழுதுபோக்கு' என்று தொடங்கி அழித்தாள். பி.காம். படித்தாள், பஸ்ஸில் போனாள், வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எழுதும்படி நடந்தது அந்த ஒன்றுதான். சரி, சார் கை வைக்காத அந்தப் பழைய பக்கத்தையே திரும்ப எழுதிவிடலாம் என்று நினைத்தாள். அதை எழுதிய நோட்டு சாரிடமே போய்விட்டது. கண்ணை மூடி அப்பாவை நினைத்தால் பதினோராவது மாடி வந்தது. பறவை வந்தது. எத்தனை தடவை ஒப்பித்திருப்பாள்!

அம்மா சந்தனமாரி சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை முடிந்து வந்து, விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அப்பா என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"அத எதுக்குளா இப்பம் கேக்கே?"

"எழுதணும்."

"அதான் எழுதிட்டியே. பறவ கணக்கா விழுந்தாருன்னு நீதான தமிழ்ல சொல்லிக் காட்டுன. கேட்டுக் கேட்டு எனக்கும் இப்பம் அப்பிடித்தான் வருது." சந்தனமாரி கையை உதறினாள். "நீலமோ என்னமோ. தெரியலளா."

புதன்கிழமை ஷபானா வந்தாள். அகாடமி வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸ் போர்டில் பட்டமளிப்புத் தொப்பியோடு சிரிக்கிறவள் அவள்தான். முதலில் விண்ணப்பித்ததால் அவளுக்கு முன்னால் ஒத்துப்போக ஆள் இல்லை, சீட் உறுதியாகிவிட்டது. ஸ்நேஹாவுக்கு வருமானச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகி, சொந்த அப்பாவின் சாவுக்குக் கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

"எடீ, நீ அவங்களுக்கு லெட்டர் எழுதப் போறேன்னு சார் சொன்னாரு. எழுதாதடீ. என் சீட் போயிரும்," என்று ஷபானா கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தாவுக்கு இன்னும் தெரியாது. பாஸ்போர்ட் ஆபீஸுக்கு அவருதான் கூட்டிட்டுப் போறாரு. தன்னைப் பதினொண்ணாவது மாடியிலேர்ந்து தள்ளித்தான் சீட் வாங்கினேன்னு தெரிஞ்சா..."

"உங்க அத்தா நல்லா இருக்காருல்ல?"

"நல்லா இருக்காரு. பிரஷர் மட்டும் கொஞ்சம்."

"அப்ப சரி," என்றாள் ஸ்நேஹா.

வியாழக்கிழமை மறுபடி அகாடமிக்கே போனாள். போக வேறு இடம் இல்லை. மற்ற பதினைந்து பேருக்கும் இதே மின்னஞ்சல் முன்பே வந்திருந்தது. சார் ஆளுக்கொரு துக்கம் எடுத்துக்கொடுத்து அனுப்பியிருந்தார்.

"நீ கடைசியில வந்துட்டே, ஸ்டாக் இல்லை," என்றார். "சித்தி கேன்சரை ஹரிஷங்கருக்குக் கொடுத்தேன். வெள்ளத்துல போன தம்பி விக்கிக்கு. ஆத்துல வளர்த்த நாய் செத்ததைக்கூட அம்மு வாங்கிண்டு போயிட்டா. இனி உசிரோட இருக்கற அப்பாதான் பாக்கி. அதை யாரும் எழுதலை."

ஸ்நேஹா பேனாவை எடுக்கவில்லை.

"எழுதிக்கோ. அப்பா ரிட்டயர்டு கொத்தனார். தெனமும் சாயங்காலம் படகுத்துறை ஜெட்டியில போய் உக்காருவார். நீ இங்கிலீஷ் பேப்பர் படிச்சு அவருக்கு அர்த்தம் சொல்லுவே. போட் வரும், போகும். போட் சிம்பல், கேட்டியா? அடியில கோடு போட்டுக்கோ." சார் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். "கொஞ்சம் ஷுகர் கம்ப்ளைன்ட் சேக்கட்டுமா? சோகம் கம்மியா இருக்கு."

"வேண்டாம் சார்," என்றாள் ஸ்நேஹா வேகமாக. "நல்லா இருக்கட்டும்."

அவள் எழுதிக்கொண்டாள். அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார் என்று தானாகவே ஒரு வரி சேர்த்தாள். சார் அதை அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை கட்டுரை போய்ச் சேர்ந்தது.

அடுத்த புதன்கிழமை மதியம் மூன்றரைக்கு வீடியோ நேர்காணல். சந்தனமாரி அரைநாள் லீவு போட்டுவிட்டு, படத்தில் விழாதபடி கதவோரம் நின்றாள். திரையில் நரைமுடி அம்மாள் ஒருத்தி. அன்பான முகம். பாடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு கட்டுரையைக் கையில் எடுத்தாள். அவளுடைய தகப்பனாரும் கட்டட வேலைக்காரராம். அந்தத் தலைகீழ்ச் செய்தித்தாளைப் படித்ததும் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள். நாற்பது விண்ணப்பங்களில் இது ஒன்றுதான் உண்மையாக இருந்தது, சீட்டும் உதவித்தொகையும் உறுதி என்றாள்.

"அப்பா வீட்டில் இருக்கிறாரா? ஒரு வணக்கம் சொல்லலாமா?"

ஸ்நேஹாவுக்கு ஒரு நோட்ஸும் நினைவுக்கு வரவில்லை. அவள் கதவுப் பக்கம் திரும்பாமல் இருப்பதற்கே பெரும்பாடுபட்டாள்.

"வெளியே போயிருக்கிறார்," என்றாள் ஆங்கிலத்தில்.

"எப்போது வருவார்?"

"சாயங்காலம்."

"நான் கேட்டேன் என்று சொல்லுங்கள்," என்றாள் அந்த அம்மாள். "இப்படி ஒரு மகளுக்காக நிச்சயம் பெருமைப்படுவார்."

"சொல்கிறேன்."

திரை அணைந்தது. சந்தனமாரி கதவோரத்திலிருந்து வந்தாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் 'ஃபாதர்' ஒன்று.

"அப்பாவப் பத்தி என்னளா கேட்டா?"

"எங்கன்னு கேட்டா."

"என்ன சொன்ன?"

"வெளிய போயிருக்காரு, சாயங்காலம் வந்துருவாருன்னு."

சந்தனமாரி, கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"சீட்டு உண்டுன்னாளா?"

"உண்டும்மா."