அஜக்ஸ் பெட்டி

கனடாவின் மில்லிக்கனில் ஊர்ச்சங்கத் தேர்தல் வாக்குகளை எண்ண மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தேனுகா கல்லூரியில் அமெரிக்க வரலாறு கற்பிப்பவள். அஜக்ஸ் நகர்க் கிளையின் வாக்குப்பெட்டியைக் கொண்டுவந்த கிளைச் செயலாளர் சிவரூபனின் பதவிக்காலம் போன மாதமே முடிந்துவிட்டது, அதனால் அதை எண்ணக் கூடாது என்றார் மீண்டும் போட்டியிடும் தலைவர் மாமாங்கம். அஜக்ஸ்காரர் முழுப்பேரும் மாமாங்கத்துக்கு எதிர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தான் கற்பிக்கும் பாடமொன்று தேனுகாவின் நினைவுக்கு வந்தது. 1792இல் நியூயோர்க் ஆளுநர் தேர்தலிலும் இப்படித்தான், கொண்டுவந்தவருக்குப் பதவி இல்லையென்று ஒரு மாவட்டத்தின் வாக்குகளை எண்ணாமலே எரித்தார்கள். சனம் கொதித்து எழுந்தது.

"அங்கிள், உந்தப் பெட்டியை எண்ணாட்டிச் சனம் சும்மா விடாது," என்றாள்.

"சனத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் பெட்டியைத் தள்ளுற கடிதத்தில கையெழுத்தை வையும், பிள்ளை."

மற்ற இருவரும் குனிந்த தலை நிமிராமல் கையெழுத்திட்டார்கள். தேனுகா பேனையை மூடி வைத்தாள்.

"இரண்டு பேர் வைச்சாக் காணும்," என்று சிரித்தபடி, மாமாங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போனார்.

தேனுகா யன்னலால் பார்த்தாள். முன்பக்கத் தரிப்பிடத்தில் அஜக்ஸ்காரரின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இறங்கியவர்கள் வாசலடியில் கூடினார்கள். மண்டபத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.