ஒரு சகோதரியின் விண்ணப்பம்

தபிதா தன் பானையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தபோது, சிதோனியா கணவனுக்குத் தலை கழுவி விட்டுக்கொண்டிருந்தாள். கவ்ரில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தொட்டிக்கு மேலே குனிந்திருந்தான். கட்டுப் போட்ட வலது கையில் தண்ணீர் படக்கூடாது என்று அதைத் தனியே மேசைமேல் நீட்டி வைத்திருந்தான். அந்தக் கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் பனிக்காற்று உள்ளே வந்தது. தபிதா காலணியைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"சமாதானம்."

"சமாதானம்," என்றாள் சிதோனியா, நுரைக் கையோடு.

"என் நீலப் பானை இங்க இருக்கு. பெரிசு. நாளைக்கு வீட்டுக்கு ஆளுங்க வராங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. உபவாசமாச்சே. வர்றவங்களுக்கு வெறும் பானையையா காட்டப் போற?"

தபிதாவின் முகம் சிவந்தது. சிதோனியா கையைத் துடைத்துக்கொண்டு பானையை எடுத்துவந்து, மூடியோடு சேர்த்து அவள் கையில் திணித்தாள். விபத்து நடந்த முதல் வாரம் அந்தப் பானை நிறைய புளிப்பு சூப்போடு வந்தது. அந்த வாரம் தினமும் ஒரு வீட்டிலிருந்து ஏதாவது வந்தது. முட்டைக்கோஸில் சுற்றிய இறைச்சி, அவரை, ஆப்பிள் வைத்துச் சுட்ட ரொட்டி. சபைப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு வந்து, கண்ணீர் விட்டு, ஜெபித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, கணவனை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்றாள் அவள். புதன்கிழமையே பானைகள் நின்றுவிட்டன. அன்புக்கு இவ்வளவு சீக்கிரம் கதவு சாத்தத் தெரியுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிதோனியா, உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் தபிதா, போகிற போக்கில். "எங்க வீட்டுக்காரரும் அந்த மில்லுலதான இருக்காரு."

கவ்ரில் தொட்டிக்குள்ளிருந்தே, "அவளை விடு. தண்ணி ஆறுது," என்றான்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தவர் சபையின் மூப்பர்களில் ஒருவரான தியோஃபில். மலையடிவாரத்து மர அறுவை மில் அவருடையது. கிராமத்தில் பாதிப்பேர் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய்க் கட்டட வேலை பார்த்தவர்கள். அங்கே வேலை படுத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அப்போது ஊரில் புகை வந்த ஒரே இடம் அந்த மில். கவ்ரிலும் அப்படித் திரும்பியவன்தான். வந்த இரண்டாம் நாளே தியோஃபில் வேலை கொடுத்தார். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. சகோதரனுக்கும் சகோதரனுக்கும் நடுவில் வாய்ச்சொல்லே போதும் என்றார். அன்றைக்கு அது அவர்களுக்கு இனித்தது. பதினான்கு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், கவ்ரில் அந்த வட்ட ரம்பத்தின் முன் நின்றான். தடித்த மரம் தட்டுகிறது என்று ரம்பத்தின் மேலிருந்த இரும்பு மூடியைக் கழற்றச் சொன்னார் தியோஃபில். ஸ்பானர் பிடித்துக் கழற்றியவன் பக்கத்து ரம்பத்தில் வேலை செய்த காசியான். கழற்றிய நான்காம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, நான்கு விரல்கள் போயின.

தியோஃபில்தான் தன் வண்டியில் அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சிதோனியா பின்சீட்டில் கணவனின் கையைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தாள். பாதி வழியில் அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "வீட்ல விறகு பிளக்கும்போது பட்டுச்சுன்னு சொல்லிடுங்க, சகோதரி. மில்லை மூடிட்டா இருபது குடும்பம் தெருவுல நிக்கும். கவ்ரிலை நான் பாத்துக்கறேன்," என்றார். அவள் அப்படியே டாக்டரிடம் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் ஞாயிறு ஆராதனையில் போதகர் கொர்னேல் கையைக் காட்டி அழைத்ததும் மேடையேறி, உயிர் தப்பியதற்குக் கர்த்தருக்கும், வண்டி ஓட்டியதற்குச் சகோதரர் தியோஃபிலுக்கும் நன்றி சொல்லிச் சாட்சி கொடுத்தாள். சபை முழுக்க ஆமென் என்றது. கிழவர்கள் அழுதார்கள். இப்போது அந்த ஆமென் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. யாரும் அவளை மேடையில் ஏற்றிக் கழுத்தைப் பிடிக்கவில்லை. அவளே போனாள். அழகாகப் பேசினாள்.

கட்டுப் பிரித்த நர்ஸ் ஒருத்தி, கோடரி இப்படி வெட்டாது என்று கண்டுபிடித்துவிட்டாள். அவள் யாரிடம் சொன்னாளோ, அடுத்த திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்று மில்லுக்குக் கடிதம் வந்தது. அதன்பிறகுதான் தியோஃபில் ஒரு ஜாடித் தேனோடும் தட்டச்சு செய்த காகிதத்தோடும் வந்தார். ஜெபவீட்டின் கூரைக்குப் பலகை அறுத்துக்கொடுக்க, அந்த ஒரு சனிக்கிழமை மட்டும், கர்த்தருடைய வேலைக்காகத் தானாகவே மில்லுக்கு வந்ததாகவும், மூடியைத் தானே கழற்றியதாகவும் கவ்ரில் எழுதித் தரவேண்டுமாம்.

"விறகுன்னு சொன்னது இனிமே எடுபடாது. அதான் இது," என்றார் பொறுமையாக. "விசுவாசி விசுவாசியை இழுத்துக்கிட்டு உலகத்தார் முன்னாடி வழக்குக்குப் போறதை அப்போஸ்தலனே கண்டிச்சிருக்கார். உங்களுக்குத் தெரியாததா?"

"நீங்க கூரைன்னு பொய் எழுதறதைப் பத்தி அப்போஸ்தலன் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள் சிதோனியா.

"உங்க மனசுல கசப்பு இருக்கு, சகோதரி. கசப்போட ஜெபிக்க முடியாது."

தேன் ஜாடியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். கையெழுத்தோடு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரும்படி சொல்லிவிட்டுப் போனார். அவள் மறுத்த பிறகும் கையெழுத்து வந்துவிடும் என்று அவர் நம்பியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தபிதா போன பிறகு சிதோனியா கவ்ரிலின் தலையைத் துவட்டினாள். கொஞ்சம் அழுத்தியே துவட்டினாள்.

"ஏய், தோலு உரியுது."

"அந்தக் காகிதம் எங்க?"

"பைபிளுக்குள்ள." "எழுதிக் குடுத்துட்டா என்ன சிதோ? விரல் திரும்ப முளைக்கவா போகுது?"

"முளைக்காது. ஆனா வேலையில போன விரலுக்கு அரசாங்கம் சாகுற வரைக்கும் ஓய்வூதியம் குடுக்கும். சும்மா போனவன் விரலுக்கு யாரு குடுப்பா? நீ சும்மா போனேன்னு உன் கையாலயே எழுதப் போறியா? எந்தக் கையால?"

"நம்மளை வேலைக்குச் சேத்தாரு. அப்ப யாரும் சேக்கல."

"சேத்தாரு. மூடியையும் கழட்டச் சொன்னாரு. ரெண்டும் ஒரே ஆளு."

"காசியான் ஒருநாள்கூட வந்து எட்டிப் பாக்கல," என்றான் கவ்ரில், சம்பந்தமில்லாமல். ஆனால் அவளுக்குச் சம்பந்தம் புரிந்தது. அவனுக்கு விரலைவிட அதுதான் வலித்தது. கோபப்படத் தெரியாத மனிதனோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்திவிட்டாள். வீட்டுக்கான கோபம் மொத்தத்தையும் அவள் ஒருத்தியே படவேண்டியிருந்தது. களைப்பாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் போதகர் வீட்டுக்கு நடந்தாள். கொர்னேல் வாசலில் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். பயந்த நல்ல மனிதர்.

"நாளைக்கு எனக்குச் சாட்சி சொல்ல அஞ்சு நிமிஷம் வேணும்."

அவர் வாரியை ஊன்றிக்கொண்டார். "நாளைக்கு நேரமே இல்லையே, சகோதரி. பக்கத்து ஊர்ப் பாடகர் குழு வருது."

"போன தடவை நீங்களேதான கூப்பிட்டீங்க?"

"அது கர்த்தருக்கு மகிமையா இருந்துச்சு."

"அது பொய்யா இருந்துச்சு. நான் சொன்ன பொய். அதைத்தான் திருப்பி எடுத்துக்கணும்னு கேக்கறேன்."

கொர்னேல் தன் காலணியைப் பார்த்தார். "வீட்ல உக்காந்து கர்த்தர்கிட்ட அறிக்கை செய்யலாமே. அவர் கேப்பாரு."

"பொய் சொன்னப்ப மட்டும் மைக் வேணும். உண்மைக்கு வீடு போதும். அப்படித்தான?"

அவர் மறுபடியும் பனியை வாரத் தொடங்கினார். அவள் திரும்பி நடக்கும்போது, அந்த வாரியின் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. இவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். வெறுத்துவிட்டுப் போய்விடலாம். தபிதா அவளுடைய பிரசவத்தில் மூன்று இரவு கூட இருந்தவள். கொர்னேல், ஸ்பெயினில் இருந்த கவ்ரிலுக்கு வாராவாரம் கடிதம் எழுதியவர். இவர்களைத் தவிர அவளுக்கு இந்தப் பூமியில் வேறு ஜனம் கிடையாது. அதனால்தான் கோபம் இப்படிக் கொதித்தது. அந்நியன்மேல் யாருக்கு இவ்வளவு கோபம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிரம்பியிருந்தது. ஆண்கள் வலப்புறம், முக்காடிட்ட பெண்கள் இடப்புறம். நடுவில் அடுப்பு. வந்திருந்த பாடகர் குழு இரண்டே பாட்டுதான் பாடியது. அஞ்சு நிமிஷமா கிடைக்கவில்லை என்று பல்லைக் கடித்தாள் சிதோனியா. கவ்ரில் எதிர்ப்பக்கம் நான்காம் வரிசையில் இருந்தான். பைபிளை மடியில் வைத்து அதன்மேல் கட்டுப் போட்ட கையை வைத்திருந்தான். உள்ளே இருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டானா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பிரசங்கத்துக்கு முன் பொது ஜெபம். அந்தச் சபையில் விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பெயர் போடுவதில்லை. 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரன்' என்றுதான் தொடங்கவேண்டும். சீட்டு கை மாறிக் கை மாறி முன்னால் போகும். சபையார் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே முழங்கையை ஊன்றி முழங்காலிடுவார்கள். அவர்கள் முதுகுகளுக்கு மேலே மூப்பர் ஒருவர் சீட்டுகளை வாசிப்பார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிக்கவேண்டும், எதையும் விடக்கூடாது என்று சில வருடங்களுக்கு முன் சட்டம் போட்டவரே தியோஃபில். விசுவாசியின் தேவையை எடைபோட நாம் யார் என்று அன்றைக்கு அவர் கேட்டது நன்றாகத்தான் இருந்தது. இன்று வாசிக்கும் முறை அவருடையது.

சிதோனியா காலண்டர் தாளில் எழுதி நாலாக மடித்த சீட்டை முன்வரிசைக்குக் கொடுத்தாள். தபிதாவின் கையும் அதில் பட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் வாங்கி முன்னால் அனுப்பினாள்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். சிதோனியா மட்டும் உட்கார்ந்தபடியே மேடையைப் பார்த்திருந்தாள். முழங்காலிட மனம் வரவில்லை.

தியோஃபில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கனிந்த குரலில் வாசித்துக்கொண்டு போனார். ஒரு சகோதரிக்கு முதுகுவலி. ஒரு சகோதரனின் மகன் ஜெர்மனியில் வேலை தேடுகிறான். ஒவ்வொன்றுக்கும் சபை முணுமுணுத்தது. அடுத்த தாளைப் பிரித்தார். வழக்கம்போல, என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்காமலேயே வாசித்தார்.

"ஒரு சகோதரி ஜெபம் கேட்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் இந்த மேடையில் பாதியை மறைத்துச் சாட்சி சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பொய் சொன்னாள். கர்த்தர் அவளை மன்னிக்கட்டும். அவள் கணவனின் விரல்கள் போனது வீட்டில் இல்லை, மில்லில். அங்கே அவன் பதினான்கு மாதம் வேலை செய்தான். ரம்பத்துக்கு மூடி இல்லை. மூடியைக் கழற்றச் சொன்னவர்..."

நின்றார். அடுப்பில் விறகு வெடித்தது. எங்கோ ஒரு கிழவர் பழக்கதோஷத்தில், "கேட்டருளும் ஆண்டவரே," என்றார்.

எண்பது முதுகுகளுக்கு மேலாகத் தியோஃபில் நிமிர்ந்து பார்த்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே முகம் சிதோனியாவுடையது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் தாளை மெதுவாக மடித்தார்.

"அடுத்த விண்ணப்பம்," என்றார். குரலில் கனிவு வற்றியிருந்தது. "ஒரு சகோதரனுக்கு..."

"அது இன்னும் முடியல, சகோதரரே."

ஆண்கள் பக்கம், நான்காம் வரிசை. கவ்ரில் எழவில்லை, திரும்பவில்லை. பெஞ்சில் முகம் புதைத்தபடியேதான் சொன்னான். பதினோரு வருடத்தில் அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"முழுசா வாசிங்க. எழுதினது எழுதினபடி."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கக்கூடாது, தலையைத் திருப்பக்கூடாது என்று குழந்தையிலிருந்து பழகிய ஜனம். தியோஃபில் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். போதகர் கொர்னேல் தன் நாற்காலிக்கு முன் முழங்காலில் இருந்தார். அவருடைய கழுத்து சிவந்திருந்தது.

அப்போது கடைசிப் பெஞ்சில் பலகைத் தரை உரசும் சத்தம் கேட்டது. காசியான், முழங்காலிலிருந்து எழாமலேயே, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பெரிய உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் ஈரம். பெண்கள் பக்கம் தபிதாவின் முக்காடு அசைந்தது. அவளுக்கு அடுத்த வரிசையில் இன்னொரு முழங்கால் தரையில் உரசியது. அதற்கடுத்து இன்னொன்று. மேடையில் தியோஃபில் மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை நோக்கி ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் முகங்களைப் பார்த்தபடி நின்றார்.