மேலே இருக்கும் பெயர்

சென்றாயன் கேட்டதில் தப்பே இல்லை என்று மகள் சொன்னதிலிருந்து கண்ணுசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

பரமத்தி வேலூர் சென்றாயன் லாரி வைத்திருப்பவர். கண்ணுசாமியின் மகள் ஜெயப்பிரியா செய்து விற்ற லாரிக் கணக்கு பிளக்-இன்னை வாங்கியிருந்தார். யாரோ எழுதி இணையத்தில் பொதுவில் விட்டிருக்கும் கணக்கு மென்பொருளோடு சேர்ந்து ஓடும் துணை நிரல் அது. அதைத் திறந்து மாற்றிக்கொள்ள அதன் மூல நிரல் வேண்டும் என்று சென்றாயன் கேட்டபோது கண்ணுசாமி போனிலேயே பேச்சை முறித்துவிட்டார்.

"எங்க ஊட்டுச் சரக்குங்க அது. ஊட்டுச் சாவியைக் கேக்கறாப்ல இருக்குதுங்க."

சென்றாயன் விடவில்லை. மூல மென்பொருளை எழுதியவர்களிடமே விசாரித்துவிட்டார். அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் தன் அலுவலகத்தில் ஜெயப்பிரியா அதைப் படித்துச் சொன்னாள்.

"அவங்க எழுதுனதை எடுத்து மாத்தித்தானுங்கப்பா இதைச் செஞ்சேன். ஆரு வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கக்கூடச் செய்யலாம். ஆனா நம்மகிட்ட வாங்கறவங்களுக்கும் அதே உரிமையைக் கொடுக்கோணும். நிரலைக் கேட்டாக் கொடுக்கோணும். எழுதுனவங்க பேரை அழிக்கப்படாது."

"அழிச்சயா?"

"நீங்கதானுங்கப்பா வேத்தாளு பேரு எங்கயும் இருக்கப்படாதுன்னு சொன்னீங்க."

சொன்னார்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அவருடையது. கைமாறிய பழைய வண்டி வந்தால் முகப்பில் இருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டு, வாங்கியவர் குடும்பப் பெயரை எழுதுவதுதான் அங்கே முதல் வேலை. மென்பொருளுக்குப் பூசை போட்ட அன்று அதே நினைப்பில் சொல்லிவிட்டார். ஆனால் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை அவர் பட்டறையில் ஒருவனும் தொட்டதில்லை. தொட்டால் அது திருட்டு வண்டி.

"இப்ப என்ன பண்ணுவாங்களாம்?"

"சீக்கிரம் சரி பண்ணினா விட்டுருவாங்க. இல்லீன்னா விக்கற உரிமை போயிரும்."

உரிமை போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை லாரி உரிமையாளர்கள் கூட்டம். அங்கே சென்றாயன் எழுந்து, கண்ணுசாமி வீட்டில் அடுத்தவன் சரக்கைத் தன் சரக்கென்று விற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால்? அவர் அப்பா காலத்திலிருந்து அந்தப் பட்டறையிலிருந்து வெளியேறும் வண்டிக்கு யாரும் நம்பர் சரிபார்த்ததில்லை. இனிக் குனிந்து பார்ப்பார்கள். மறுநாள் காலையில் மகளிடம் சொன்னார்.

"மேல அவங்க பேரைப் போடு சாமி. அதுக்குக் கீழ நம்ம பேரு. வாங்குன அத்தனை பேருக்கும் நிரலை அனுப்பு."

"போட்டிக்காரங்க கைக்கும் போயிருமுங்கப்பா."

"போகட்டும்."

அவள் அனுப்பி முடித்ததும் அவரே சென்றாயனைக் கூப்பிட்டார். விரல் இரண்டு முறை தப்பான பெயரை அமுக்கியது.

"ஏனுங்க, தப்பு எங்க பேர்லதானுங்க. எழுதுனவங்க பேரை அழிச்சுப்போட்டோம். ஞாயித்துக்கெழமை கூட்டத்துல நீங்க சொல்ல வேண்டாமுங்க. நானே சொல்லிப்போடறேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. அது ஓயும்வரை கண்ணுசாமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அட, ஊட்டுச் சாவியே வந்திருச்சாட்ட இருக்குதுங்களே அண்ணா!" சென்றாயன் சிரித்தார். "வாழைத்தார் லோடுக்குத் தோதா எங்க மாப்பிள்ளை இதைக் கொஞ்சம் மாத்தோணும்ங்கறாரு. மாத்திட்டு அவரு பேரைப் போட்டுக்கலாமுங்களா?"

கண்ணுசாமி உடனே சொன்னார்.

"போட்டுக்கச் சொல்லுங்க. மேல இருக்கற பேரை மட்டும் சுரண்டிப்போடாதீங்க."