நடைவழிப் பாட்டு

என் மகள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தொண்டைத் தண்ணீர் வற்ற அழுகிறாள். ஒன்றரை வயதில் இத்தனை பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் என்னைத்தான் கைகாட்ட வேண்டும். பிடிவாதம் மட்டுமல்ல, இந்த அழுகையும் நான் கொடுத்ததுதான்.

நான் மாடு வெட்டும் கூடத்தில் வேலை செய்கிறேன். வெட்டுகிறவன் அல்ல, ஓட்டுகிறவன். பட்டியிலிருந்து, மாட்டை அடைத்து வெட்டும் இரும்புப் பெட்டிவரை வளைந்து போகும் ஒரு குறுகிய நடைவழி இருக்கிறது. ஒரு மாடுதான் போகலாம். உள்ளே போனது திரும்ப முடியாது. பின்னால் நடந்து போய், பெட்டி வாசலில் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே விட்டுக் கதவை இறக்குவது என் பொறுப்பு. மிரண்டு செத்த மாட்டின் கறி கறுத்து இறுகிப்போகும், வாங்க ஆள் வராது. அதனால் அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. மாடு நம்பி நடக்க வேண்டும். பெண் பார்க்கப் போனபோது என் வேலையைக் கேட்ட மாமியார், "ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும்பாங்க, எம் பொண்ணும் அந்த ரகம்தான்" என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

கதவுச் சத்தம் பட்டிக்குக் கேட்காமலிருக்க மேஸ்திரி முதலில் வானொலி வைத்துப் பார்த்தார். ஒரு துள்ளல் பாட்டு வந்த நேரம் ஒரு காளை வேலியில் ஏறப் பார்த்துக் காலை முறித்துக்கொண்டது. சரி, பாட்டே வேண்டாம் என்று நிறுத்தினோம். அப்போது கதவு விழும் ஒவ்வொரு சத்தமும் பட்டியில் நின்றவற்றுக்குக் கேட்டது. அவற்றுக்கு மட்டுமா, எனக்கும்தான்.

அப்படி ஒரு காலையில் ஒரு செவலைப் பசு நடைவழியின் நடுவே கல்லாக நின்றுவிட்டது. அரை மணி நேரம் கெஞ்சியும் அசையவில்லை. வேலை நின்றுபோனதால் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். மனைவி ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். குழந்தையைத் தூங்கவைக்க அவள் முனகும் மெட்டு. வார்த்தை கிடையாது, அவளே இட்டுக்கட்டியது. மெதுவாக மூன்று படி ஏறும், ஒரு மூச்சு நிற்கும், அப்புறம் இறங்கும். கடைசியில் கிசுகிசுப்பாக, "உங்க மக ரெண்டே தடவையில தூங்கிட்டா, கேட்டீங்களா?"

எனக்காகத்தான் போட்டேன். கேட்டது பசு. காதைத் திருப்பியது, நீளமாக ஒரு மூச்சு விட்டது, நடக்கத் தொடங்கியது. அடுத்ததும் நடந்தது.

"டேய், என்னடா அது?" என்று மேஸ்திரி ஓடிவந்தார்.

"வீட்டுல பாடினதுண்ணே."

"உன் வீட்டம்மாவா? மகராசி! இதை ஒலிபெருக்கியில போடுறா."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது. அவள் குரலுக்குள் அந்தக் கதவுச் சத்தம் எனக்கும் அமுங்கிப்போனது. கிசுகிசுப்பை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது, பாருங்கள்.

ஏழு மாதம் அது ஓடியது. அவளிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் வீட்டில் அவள் பாட ஆரம்பித்தால் என்னால் அறையில் உட்கார முடியாது. மூக்கில் பட்டியின் வாடை ஏறும்.

"பாப்பா தூங்குற நேரம் பார்த்து எங்க எழுந்து ஓடுறீங்க?" என்பாள்.

"புழுக்கமா இருக்குடி" என்பேன்.

மூன்று நாளைக்கு முன்னால் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். கடைக்குப் போய்த் திரும்பிய மனைவி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டாள். லாரிக்காகத் திறந்திருந்த பின்வாசலில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் நடைவழி முழுக்கத் தெரியும். நான் ஒரு கன்றின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிக் கதவை இறக்கிவிட்டுத் திரும்பினேன். பேயறைந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். மேலே ஒலிபெருக்கியில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். அந்த வாடையிலும் இரைச்சலிலும் குழந்தை அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தது.

சாவியை வாங்கிக்கொண்டாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து பாடுவதை நிறுத்திவிட்டாள்.

இன்று மதியம் நான் வந்தபோது குழந்தைக்குக் குரலே கம்மிப்போயிருந்தது. மனைவி தோளில் போட்டு நடந்தாள், தட்டினாள், ஒன்றும் ஆகவில்லை.

"ஒரே ஒரு தடவை பாடேன்" என்றேன்.

"முடியலைங்க. வாயைத் திறந்தா அந்தக் கன்னுக்குட்டிதான் கண்ணுல நிக்குது."

"புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். "அப்ப நீங்க பாடுங்க. ஏழு மாசமா நாள் பூரா கேக்குறீங்களே. என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பாடினேன். என் குரல் தகரத்தைத் தேய்ப்பது போலத்தான் இருக்கும். ஆனால் மெட்டு பிசகவில்லை, எப்படிப் பிசகும்? வாசலருகே நின்று அழுதுகொண்டிருந்த மகள் அழுகையை நிறுத்தினாள். தலையைத் திருப்பினாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு சுவரோரமாக, அரைக்கண் மூடி, தள்ளாடித் தள்ளாடி என்னை நோக்கி நடந்து வந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும். வராதே கண்ணு என்று உள்ளே பதறினேன். வாய் பாடிக்கொண்டே இருந்தது, நிறுத்தினால் மறுபடி அழுவாளே.

வந்து என் முழங்காலில் நெற்றியை முட்டி நின்றாள். என் கை தானாக எழுந்து அவள் முதுகில் தட்டியது. இரண்டு தட்டு.

தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மனைவிக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பாய்ந்து வந்து குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் மகள் கண் விழித்து, என் முகத்தைப் பார்த்து வீறிட்டாள். இருவரும் அடுத்த அறைக்குள் போனார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மகள் இன்னும் அழுகிறாள். கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. அழட்டும் என்று இருக்கிறது. முதல்முறையாக என் மகள் என்னைப் பார்த்து மிரண்டிருக்கிறாள், அதில் எனக்கு நிம்மதி. பெற்றவனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?